மக்காச்சோளத்துக்கு 2,4-டி தெளிக்கும்போது பக்கத்துப் பருத்தியில் படாமல் தடுப்பது எப்படி?

கேள்வி: கரிசல் விவசாயி, பெரம்பலூர் மாவட்டம்

அனைவருக்கும் வணக்கம். இரண்டரை ஏக்கர் கரிசல் நிலத்தில் மானாவாரியாக மக்காச்சோளம் விதைத்திருக்கிறேன். விதைத்த மூன்றாம் நாள் அட்ரசின் என்ற களைக்கொல்லியைத் தெளிக்க எண்ணியிருந்தேன். ஆனால் விடாமல் பெய்த மழையில் நிலத்துக்குள் கால் வைக்க முடியவில்லை. இப்போது பயிருக்கு இருபது நாள் ஆகிறது. சாரணையும் பண்ணைக்கீரையும் பார்த்தீனியமும் பயிரோடு போட்டி போட்டு வளர்ந்து நிற்கின்றன. எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் களை வந்திருப்பதால் களையெடுக்க ஆள் கிடைப்பதும் அரிதாக இருக்கிறது.

அகன்ற இலைக் களைகளுக்கு 2,4-டி தெளிக்கலாம் என்று மருந்துக்கடையில் சொல்லி, எத்தில் எஸ்டர் என்று எழுதியிருந்த பாட்டிலைக் காட்டினார்கள். இன்னும் வாங்கவில்லை. என் தயக்கத்துக்குக் காரணம் கிழக்கு வரப்பை ஒட்டியிருக்கும் என் சித்தப்பாவின் பருத்தி. அது ஆடியில் ஊன்றியது. இப்போது சப்பை (பூமொட்டு) பிடிக்கும் பருவத்தில் இருக்கிறது. இரண்டு நிலத்துக்கும் நடுவே ஒற்றை வரப்பு மட்டும்தான். மரமோ வேலியோ கிடையாது.

என்னிடம் இருப்பது 16 லிட்டர் பேட்டரி ஸ்பிரேயர். அதில் பூச்சிமருந்து அடிக்கும் திருகு நாசில் போட்டிருக்கிறது. விடியற்காலையில் இலை அசையாத நேரத்தில் அடித்தால் பக்கத்து வயலுக்குப் போகாது என்று சிலர் சொல்கிறார்கள். நாசிலுக்கு மேல் பிளாஸ்டிக் கூம்பு மாட்டினால் போதும் என்கிறார்கள் வேறு சிலர். எதை நம்புவது? அனுபவம் உள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

பதில் 1: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

தெளிப்பதற்கு முன்பே கேட்டது நல்லது. பருத்தி 2,4-டிக்கு மிக எளிதில் பாதிக்கப்படும் பயிர். பரிந்துரைத்த அளவில் நூற்றில் ஒரு பங்கு பட்டாலே போதும். அகன்று விரிந்திருக்க வேண்டிய கொழுந்து இலைகள் குறுகி, விரல் விரலாகப் பிளந்து, நரம்புகள் நெருங்கி நிற்பதைப் பார்க்கலாம். சப்பை பிடிக்கும் பருவத்தில் இது நேர்ந்தால் சப்பைகள் உதிர்ந்து மகசூலிலும் அடி விழும். தக்காளி, மிளகாய், வெண்டை, திராட்சை ஆகியவையும் இதே கூட்டத்தைச் சேர்ந்தவைதான்.

முதலில் அந்த எஸ்டர் பாட்டிலைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். மருந்து பக்கத்து வயலுக்குப் போக இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, தெளிக்கும்போதே நுண்துளிகள் காற்றில் அடித்துச் செல்லப்படுவது. மற்றொன்று, இலையிலும் மண்ணிலும் படிந்த மருந்து வெயில் ஏறிய பிறகு ஆவியாகி நகர்வது. எத்தில் எஸ்டர் எளிதில் ஆவியாகும் வகை என்பதால், நீங்கள் நாசிலையும் காற்றையும் எவ்வளவு கவனித்துத் தெளித்திருந்தாலும், வேலையை முடித்து வீட்டுக்குப் போன பிறகும் அது பருத்தியைத் தேடிப் போகக்கூடும். சோடியம் உப்பு, அமைன் உப்பு ஆகிய வடிவங்களில் இந்த ஆவித் தொல்லை மிகக் குறைவு. கடைக்காரர் "எல்லாம் 2,4-டிதானே" என்றால் ஒப்புக்கொள்ளாதீர்கள். லேபிளில் எந்த வடிவம் என்று தெளிவாக அச்சிட்டிருப்பார்கள்.

ஆவி வழியை அப்படி அடைத்தால் மிஞ்சுவது துளி. இதில் காற்றைக் குறை சொல்லும் அளவுக்குத் துளியின் பருமனை யாரும் பேசுவதில்லை. பத்தடி உயரத்திலிருந்து 100 மைக்ரான் (ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) பருமனுள்ள துளி தரையைத் தொட ஏறத்தாழ 10 விநாடி ஆகிறது. மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற மெல்லிய காற்றிலேயே அது 13 மீட்டர் தள்ளிப் போய்விடும். 400 மைக்ரான் துளியோ இரண்டே விநாடியில் இறங்கி, மூன்று மீட்டருக்குள் விழுந்துவிடும். நீங்கள் பத்தடி உயரத்திலிருந்து தெளிக்கப் போவதில்லை என்றாலும் விகிதம் அதேதான். மேலும் நுண்துளி விழுந்துகொண்டிருக்கும்போதே அதிலுள்ள நீர் ஆவியாகி, இன்னும் சிறுத்து, இன்னும் தொலைவுக்குப் போகும். இதனால்தான் உச்சி வெயிலில் தெளிக்கக் கூடாது என்கிறோம்.

உங்கள் திருகு நாசில் பூச்சிமருந்துக்காகப் புகைபோல் மென்மையாகத் தெளிக்கும் கூம்பு வகை. களைக்கொல்லிக்கு அது ஆகாது. தட்டை விசிறி நாசில் அல்லது ஃபிளட் ஜெட் நாசில்தான் போட வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் மக்காச்சோளத்தில் களைக்கொல்லிக்கு இவற்றைத்தான் பரிந்துரைக்கிறது. 2,4-டி செடிக்குள் ஊடுருவிப் பரவும் மருந்து என்பதால் துளி பெரிதாக இருந்தாலும் வேலை செய்யும். இலை முழுவதும் நனைந்தால்தான் பலன் என்பது தொடுகை முறையில் கொல்லும் மருந்துகளுக்குப் பொருந்துமே தவிர, இதற்கு அவ்வளவு பொருந்தாது.

இப்போது விடியற்காலைக்கு வருவோம். இலை அசையாத நேரம் பாதுகாப்பானது என்ற நம்பிக்கை பரவலாக இருக்கிறது. நான் பணியில் இருந்த காலத்தில் பயிற்சிக் கூட்டங்களிலும் அப்படிச் சொல்லக் கேட்டிருக்கிறேன். ஆனால் அது தவறு. தெளிந்த இரவில் தரை தன் வெப்பத்தை இழந்து குளிர்வதால், தரையை ஒட்டிய காற்று குளிர்ந்து கனமாகவும் அதற்கு மேலுள்ள காற்று வெதுவெதுப்பாகவும் இருக்கும். அந்த நிலையில் மேலும் கீழும் காற்று கலக்காது. அப்போது தெளித்தால் நுண்துளிகள் மேலே போய்க் கலைந்துவிடாமல், கீழேயும் இறங்காமல், தரைக்குச் சற்று மேலே படலமாகத் தொங்கிக்கொண்டு, பிறகு எழும் மிக மெல்லிய அசைவில் ஒட்டுமொத்தமாகப் பக்கத்து வயலில் போய்ப் படியும். காற்றடிக்கும்போது தெளித்தால் வரப்போரச் சால்கள்தான் அதிகம் கெடும். இந்த நிலையில் தெளித்தால் வயலின் நடுப்பகுதி வரைக்கும் கெடும்.

இதைக் கண்டுபிடிக்கக் கருவி எதுவும் வேண்டாம். வரப்பில் ஒரு பிடி ஈரச் சருகைக் கொளுத்திப் பாருங்கள். புகை மேலெழுந்து கலைந்தால் தெளிக்கலாம். இடுப்பு உயரத்துக்கு எழுந்து அங்கேயே தகடாகப் படர்ந்தால் ஸ்பிரேயரைக் கீழே இறக்கி வைத்துவிடுங்கள். பொதுவாக வெயில் ஏறி ஒன்றரை, இரண்டு மணி நேரம் கழிந்தால் அந்த அடுக்கு உடைந்துவிடும். ஆகவே காலை எட்டு மணிக்குமேல் பத்தரைக்குள், மெல்லிய காற்று ஒரே திசையில் சீராக வீசும்போது தெளிப்பதுதான் சரி. மாலையில் என்றால் பொழுது சாய்வதற்கு ஒரு மணி நேரத்துக்கு முன்பே முடித்துவிட வேண்டும்.

திசை உங்களுக்கு எல்லாவற்றிலும் முக்கியம். பருத்தி கிழக்கே இருப்பதால் மேல்காற்று வீசும் நாளில் கிழக்குப் பாதியில் கை வைக்கவே கூடாது. புரட்டாசிக் கடைசியில் மேல்காற்று தளர்ந்து, சில நாட்களில் கீழ்காற்று எட்டிப் பார்க்கும். அப்படிப்பட்ட ஒரு காலைப்பொழுது கிடைத்தால் பயன்படுத்திக்கொள்ளுங்கள். ஆனால் அதற்காகப் பயிர் முழங்கால் உயரத்தைத் தாண்டும்வரை காத்திருக்கக் கூடாது. வளர்ந்த மக்காச்சோளத்தில் 2,4-டி பட்டால் தண்டு முறுக்கேறி, எளிதில் ஒடியும் தன்மை வந்துவிடும். அடுத்து வரும் மழைக்காற்றில் தட்டை முறிந்து விழும்.

நல்ல காற்றே கிடைத்தாலும் பருத்தியை ஒட்டிய பத்துப் பன்னிரண்டு சால்களுக்கு 2,4-டி வேண்டாம் என்பது என் கருத்து. அந்தப் பட்டையை மட்டும் கைக்களை எடுங்கள். இரண்டரை ஏக்கருக்கு ஆள் தேடுவது கடினம். வரப்போரப் பட்டைக்கு வீட்டு ஆட்களே போதும்.

பதில் 2: ஸ்பிரேயர் பழுதுபார்ப்பவர்

ஐயா சொன்னதற்குமேல் கருவியைப் பற்றி மட்டும் சில வார்த்தைகள்.

பேட்டரி ஸ்பிரேயரில் பக்கவாட்டில் வேகம் கூட்டும் திருகு இருக்கும். பெரும்பாலானோர் அதைக் கடைசிவரை திருகிவிட்டுத்தான் அடிக்கிறார்கள். இரட்டை மோட்டார் மாடல்களில் இந்தப் பழக்கம் கூடுதல் ஆபத்து, ஏனென்றால் அழுத்தம் ஏற ஏறத் துளி பொடியாகும். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: அழுத்தத்தை நான்கு மடங்கு ஆக்கினால்தான் நாசிலிலிருந்து வரும் நீர் இரண்டு மடங்கு ஆகும். ஆகவே சீக்கிரம் வேலை முடியட்டும் என்று அழுத்தத்தைக் கூட்டுபவருக்கு நேரம் மிச்சமாவது கொஞ்சம்தான். புகை கிளம்புவதோ ஏராளம். தண்ணீர் அதிகம் வேண்டுமானால் பெரிய துவாரமுள்ள நாசிலுக்கு மாறுங்கள். தட்டை விசிறி நாசிலுக்கு 2 பார் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) அழுத்தம் போதும்.

நாசிலின் நிறமே அதன் அளவைச் சொல்லும். உலகம் முழுவதும் பொதுவான அளவு முறை அது: 3 பார் அழுத்தத்தில் மஞ்சள் நாசில் நிமிடத்துக்கு 0.8 லிட்டரும், நீலம் 1.2 லிட்டரும், சிவப்பு 1.6 லிட்டரும் தரும். உங்கள் வேலைக்கு நீலமோ சிவப்போ போடுங்கள். புதிய நாசிலை மாட்டியதும் வெறும் தண்ணீரை ஒரு நிமிடம் அளவுக் குவளையில் பிடித்து, அந்த அளவை டேங்கின் மேலேயே எழுதி வையுங்கள். பிறகு எப்போதாவது அதே அழுத்தத்தில் பிடிக்கும்போது பத்தில் ஒரு பங்குக்குமேல் கூடுதலாக வந்தால் துவாரம் தேய்ந்துவிட்டது என்று பொருள். பழுதுக்கு வரும் ஸ்பிரேயர்களில் நாசில் அடைத்துக்கொண்டதைக் கம்பியால் குத்தி, துவாரத்தைக் கோணலாக்கிக் கொண்டுவருபவர்கள்தான் அதிகம். பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்தாலே அடைப்புப் போய்விடும். வாயால் ஊதவும் கூடாது.

காற்றை உள்ளிழுத்துத் துளியைப் பெரிதாக்கும் நாசில்களும் இப்போது கிடைக்கின்றன. நாசிலின் பக்கவாட்டில் சிறு துளை இருக்கும். அதன் வழியே காற்று புகுந்து துளிக்குள் குமிழியாக அடைபடுவதால் துளி பருத்து, கனமாக விழும். நல்ல பொருள்தான். ஆனால் அவற்றில் பல 3 பாருக்குக் குறைந்தால் ஒழுங்காக விசிறாது. பழைய பேட்டரி ஸ்பிரேயர்களில் அந்த அழுத்தம் நிலையாக நிற்பதில்லை. வாங்குவதற்கு முன் உங்கள் இயந்திரத்தில் மாட்டித் தண்ணீர் விட்டுப் பாருங்கள்.

பிளாஸ்டிக் கூம்பு பயனுள்ளதுதான். ஆனால் அதன் விளிம்பு களைக்கு மிக அருகில் இருக்கும்வரைதான். கூம்பு மாட்டிய தைரியத்தில் லான்ஸை (நாசில் மாட்டிய கைக்குழலை) இடுப்புக்குமேல் தூக்கிப் பிடித்து நடந்தால் அடியிலிருந்து புகை தப்பிக்கொண்டே இருக்கும். கூம்பு இல்லாவிட்டாலும் நாசில் களையின் தலைக்குமேல் ஒன்றரை அடியைத் தாண்டக் கூடாது. தட்டை விசிறி நாசிலைப் பூச்சிமருந்து அடிப்பதுபோல் இடமும் வலமும் வீசி ஆட்டவும் கூடாது. ஒரே உயரத்தில் பிடித்து நேராக நடந்தாலே பட்டை பட்டையாக விழுந்துவிடும்.

பதில் 3: இளம் உழவர், அரியலூர்

அண்ணா, எங்கள் பகுதியில் ட்ரோன் வாடகைக்குக் கிடைக்கிறது. ஏக்கருக்குச் சில நிமிடங்கள்தான் ஆகின்றன. நிலத்துக்குள் கால் வைக்க முடியாத ஈரத்திலும் தெளிக்கலாம் என்பதால், உங்கள் நிலைமைக்கு அதையும் யோசித்துப் பார்க்கலாம் அல்லவா?

பதில் 1-இன் தொடர்ச்சி: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

தம்பி, ட்ரோனை நான் எதிர்ப்பவன் அல்லன். அதற்கென மத்திய வேளாண் அமைச்சகம் 2021 டிசம்பரில் செயல்முறை நெறிகளை வெளியிட்டிருக்கிறது. அதன்படி இயக்கத் தெரிந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் கைத்தெளிப்பானில் ஏக்கருக்கு 150, 200 லிட்டர் தண்ணீரில் கலப்பதை ட்ரோனில் ஏறக்குறைய 10 லிட்டரில் கலக்கிறார்கள். அவ்வளவு குறைந்த நீரில் நிலம் முழுவதும் பரவ வேண்டுமானால் துளி பொடியாகத்தான் இருக்க வேண்டும். ஒவ்வொரு துளியிலும் மருந்தின் செறிவும் பல மடங்கு இருக்கும். அதுவும் பயிருக்குமேல் ஆள் உயரத்துக்கு மேலிருந்து இறங்குகிறது. இறக்கைகள் தள்ளும் காற்று நடுவில் துளியைக் கீழே அழுத்தினாலும் ஓரங்களில் சுழன்று மேலெழும். நெல்லுக்குப் பூச்சிமருந்து தெளிக்க எடுத்துக்கொள்ளுங்கள். சப்பை பிடித்த பருத்தியிலிருந்து ஒற்றை வரப்பு தள்ளி 2,4-டி தெளிக்க வேண்டாம்.

பதில் 4: பட்டு விவசாயி, உடுமலைப்பேட்டை

கேள்வி களைக்கொல்லியைப் பற்றியது என்றாலும், மருந்து வந்து விழும் பக்கத்தில் இருப்பவன் என்ற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. எங்கள் மல்பெரித் தோட்டத்தைச் சுற்றிக் காய்கறியும் மக்காச்சோளமும் தென்னையும் இருக்கின்றன. மருந்து இலையில் படிந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதில்லை. அந்த இலையை வெட்டிவந்து தட்டில் போட்ட பிறகுதான், புழு தலையைத் தூக்கி ஆட்டுவதும், பச்சையாகக் கக்குவதும், உடல் சுருங்கிப் புரள்வதும் தெரியும். அதற்குமேல் செய்வதற்கு ஒன்றும் இல்லை. பூச்சியின் வளர்ச்சியைக் குலைக்கும் ஹார்மோன் வகை மருந்துகள் இதைவிடக் கொடியவை. புழு சாகாது, நன்றாகத் தின்னும், பருக்கும். கூடு கட்ட வேண்டிய நாளில் கட்டாமல் கிடக்கும். அதுவரை போட்ட இலையும் கூலியும் வீண்.

எங்களுக்கு உதவியது வேலி அல்ல, பேச்சுதான். பக்கத்துத் தோட்டக்காரர்கள் மருந்து அடிப்பதற்கு முந்தைய நாளே சொல்லிவிடுகிறார்கள். நாங்கள் அந்தப் பக்கத்து வரிசைகளின் இலையை முன்கூட்டியே வெட்டிச் சேமித்துவிடுகிறோம், அல்லது சில வாரங்களுக்கு அந்த வரிசைகளைத் தொடாமல் விட்டுவிடுகிறோம். உங்கள் சித்தப்பாவிடம் எந்த நாள், எந்த மருந்து என்று முன்பே சொல்லிவிடுங்கள். பிறகு பருத்தியில் இலை சுருண்டால் அது தத்துப்பூச்சியா, இலைப்பேனா, மருந்தா என்று அவர் பதற்றமில்லாமல் பிரித்துப் பார்க்க முடியும். நீண்ட காலத்துக்கு என்றால் எல்லையில் அகத்தியோ சவுக்கோ நெருக்கமாக நட்டுவிடலாம். காற்று ஊடுருவும் உயிர்வேலி துளியை வடிகட்டிப் பிடிக்கும். சுவர்போல் முழுவதும் அடைத்தால் காற்று அதன்மேல் ஏறிச் சுழன்று அந்தப் பக்கம் இறங்கிவிடும்.

பதில் 5: கரிசல் விவசாயி (கேள்வி கேட்டவர்)

பதில் எழுதிய அனைவருக்கும் நன்றி. இன்று காலை ஏழு மணிக்குச் சருகைக் கொளுத்திப் பார்த்தேன். புகை பருத்திப் பக்கமாகத் தரையோடு தரையாகப் படர்ந்து, நடு வயல் வரைக்கும் அப்படியே போனது. அந்த நேரத்தில்தான் எங்கள் ஊரில் பெரும்பாலானோர் மருந்து அடிக்கிறார்கள்.

சித்தப்பாவிடம் பேசிவிட்டேன். கிழக்கே பன்னிரண்டு சால்களைக் கைக்களைக்கு விட்டுவிட்டு, மீதிக்கு அமைன் உப்பும் நீல நிறத் தட்டை விசிறி நாசிலுமாகத் தெளிக்கலாம் என்று முடிவு செய்திருக்கிறோம். இன்னும் இரண்டு ஐயங்கள் உள்ளன. பருத்திப் பக்கத்துக்கு 2,4-டி அல்லாத வேறு மருந்து உண்டா? அடுத்த வாரம் சித்தப்பா தன் பருத்திக்குப் பூச்சிமருந்து அடிக்க இதே ஸ்பிரேயரைக் கேட்டிருக்கிறார். கழுவிக் கொடுத்தால் போதுமா?

பதில் 6: ஓய்வுபெற்ற வேளாண் அலுவலர்

முதல் கேள்விக்கு: மக்காச்சோளத்தில் முளைத்த களைகளுக்கு டெம்போட்ரியோன், டோப்ராமிசோன் ஆகிய மருந்துகள் பதிவு பெற்றவை. அகன்ற இலைக் களைகளோடு பல புல் வகைகளையும் கட்டுப்படுத்துகின்றன. 2,4-டி எஸ்டர்போல் ஆவியாகிப் பயணம் செய்வதும் இல்லை. விலை கூடுதல். துளி நேராகப் பட்டால் பருத்தி இலை வெளுத்துப் போகும் என்பதால், காற்று, நாசில், உயரம் ஆகியவற்றில் சொன்ன எதையும் இவற்றுக்காகத் தளர்த்த முடியாது. களை சிறிதாக, இரண்டு முதல் நான்கு இலைப் பருவத்தில் இருக்கும்போதுதான் நன்றாகக் கேட்கும். உங்கள் சாரணை அதைத் தாண்டிப் படர்ந்திருந்தால் செலவழித்துப் பயனில்லை, களைக்கொட்டே மேல்.

இரண்டாவது கேள்வியைத்தான் நான் பெரிதாக எண்ணுகிறேன். ஊர்களில் "காற்றில் வந்துவிட்டது" என்று பக்கத்து வயல்காரரோடு சண்டை நடக்கும் இடங்களில் போய்ப் பாருங்கள். உண்மையில் காற்றில் வந்திருந்தால், பாதிப்பு வரப்போரத்தில் கடுமையாகவும் உள்ளே போகப் போகக் குறைந்தும் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் வயல் முழுவதும் ஒரே சீராகவோ, முதல் டேங்க் அடித்த இடத்தில் கடுமையாகவோ இருந்தால், அது காற்றில் வந்தது அல்ல. களைக்கொல்லி அடித்த ஸ்பிரேயரிலேயே பருத்திக்கும் அடித்ததால் வந்தது. டேங்கின் அடியிலும், குழாயின் உட்புறத்திலும், வடிகட்டியிலும், வாஷரிலும் ஒட்டியிருக்கும் மிச்சமே பருத்திக்குப் போதும்.

முடிந்தால் களைக்கொல்லிக்கென்று பழைய ஸ்பிரேயர் ஒன்றைத் தனியாக ஒதுக்கி, டேங்கில் சிவப்புப் பெயிண்டால் குறியிட்டு வையுங்கள். உங்களுடையதை அந்த வேலைக்கு எடுத்தால், இந்தப் பருவத்துக்குச் சித்தப்பா வேறு ஸ்பிரேயர் பார்த்துக்கொள்வது நல்லது. வேறு வழியே இல்லை என்றால், தெளித்து முடித்த அன்றே மூன்று முறை நல்ல தண்ணீரால் அலசி, ஒவ்வொரு முறையும் லான்ஸ் வழியாகவே வெளியேற்றுங்கள். பிறகு சலவைச் சோடா கரைத்த தண்ணீரை நிரப்பி, சிறிதளவு லான்ஸ் வழியாக விட்டு, மீதியை இரவு முழுவதும் டேங்கிலும் குழாயிலும் நிற்க விடுங்கள். மறுநாள் அதை வெளியேற்றி, நாசிலையும் வடிகட்டிகளையும் கழற்றித் தனியே அதே சோடா நீரில் தேய்த்துக் கழுவி, மீண்டும் இரண்டு முறை அலச வேண்டும். கழுவிய நீரை மக்காச்சோளத்தின் மேற்குப் பகுதியிலேயே ஊற்றுங்கள். வாய்க்காலிலோ கிணற்றருகிலோ ஊற்றக் கூடாது. எஸ்டர் எண்ணெய்ப் பசையுள்ளது என்பதால் இந்தக் கழுவலுக்கும் முழுமையாகப் போகாது. நீங்கள் அமைன் உப்பு வாங்குவதால் அந்தக் கவலை குறைவு. அப்படிக் கழுவிய ஸ்பிரேயரானாலும், பருத்திக்கு அடிக்கும் முதல் டேங்கை வரப்போரத்துச் சில செடிகளில் மட்டும் தெளித்து, நான்கைந்து நாள் கொழுந்தைக் கவனித்துவிட்டு மற்றச் செடிகளுக்குப் போகச் சொல்லுங்கள்.